லினக்ஸ் தொடக்கத்தில் வலையமைப்புச் சேவைப் பழுது

தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வேடசந்தூர் வட்டத்து எரியோடு போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் லினக்ஸ் எட்டியது அவ்வழியே. பாஸின் மூலமான டெபியன், 2015இல் வெளிவந்த 8ஆம் பதிப்பிலிருந்து தொடக்க வேலைகளை சிஸ்டம்டியிடம் ஒப்படைத்தது. அத்தகைய கணினி தொடங்கும்போது இரண்டு நிமிடம் உறைந்து நின்று, ‘வெயிட்-ஆன்லைன்’ சேவை தோற்றதாகச் செய்தி காட்டினால் பலரும் இணையத்தையே பழிக்கிறார்கள். ஆனால் முகப்பு வந்ததும் இணையம் நன்றாகவே இயங்குவதுண்டு. அப்படியானால் பழுது இணைப்பில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. நெட்வொர்க் மேனேஜர் இணைப்பைக் கவனிக்கும்போது சிஸ்டம்டியின் சொந்த வலையமைப்பு மேலாளரான சிஸ்டம்டி-நெட்வொர்க்டியும் இயங்கினால், அதன் காத்திருப்புச் சேவை கேபிள் செருகாத ஈதர்நெட் முனைக்காகவும் 120 நொடி காத்துவிட்டுத் தோற்கும்.

காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது தாமதத்தை நீட்டுமே தவிர காரணத்தைத் தொடாது. ஜர்னல் பதிவில் தோற்ற சேவையைக் கண்டு, இணைப்பை உண்மையில் கவனிக்காத மேலாளரை நிறுத்துவதே முறை. காத்திருப்பை முழுவதும் அணைத்தால் பள்ளி ஆய்வகத்தில் சர்வரிலுள்ள என்எஃப்எஸ் கோப்புறைகள் ஏறாமல் போகுமே என்பது நியாயமான மறுப்பு. அங்கே அதை வைத்திருக்கத்தான் வேண்டும். எனினும் எஃப்எஸ்டேப் கோப்பில் ‘நோஃபெயில்’, ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ விருப்பங்களைச் சேர்த்தால், கோப்புறை தேவைப்படும்போது மட்டும் ஏறும். சர்வர் அணைந்திருந்தாலும் தொடக்கம் தடைபடாது.