கம்ப்யூட்டர் தெரிந்த மாணவர்களுக்கு கைக்காசு: கமிஷன் ஆசை காட்டினால் உஷார்!

கம்ப்யூட்டர் கைவந்த கல்லூரி மாணவர்கள் செலவுக்கு அப்பாவிடம் கையேந்த வேண்டியதில்லை. பக்கத்து தெருவிலேயே வேலை இருக்கிறது.

பழைய லேப்-டாப் ஆமை வேகத்தில் ஓடினால், பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். சென்னை ரிச்சி தெருவில் எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டி, விண்டோசை ஏற்றி கொடுத்தால் வண்டி பறக்கும். பொருளுக்கு பில்லை காட்டிவிட்டு கூலியை தனியாக பேசிக்கொள்ளலாம். பழைய டிஸ்கில் இருக்கும் கல்யாண போட்டோக்களை பத்திரமாக மாற்றி தரவேண்டும். அங்கேதான் பேர் கெடும்.

தமிழ் டைப்பிங் தெரிந்தால் டி.டி.பி. சென்டரில் மாலை நேர வேலை கேட்கலாம். யூ டியூப் உடனே காசு தராது. நீள வீடியோவுக்கு விளம்பர பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4 ஆயிரம் மணி நேர பார்வையும் வேண்டும்.

"டேட்டா என்ட்ரி வேலை, முதல்ல டெபாசிட் கட்டுங்க" என்றால் போனை வைத்துவிடுவதே நல்லது. அதைவிட மோசம், "உன் பேங்க் அக்கவுண்டை கொடு, கமிஷன் தர்றோம்" என்பது. மோசடி பணம் அந்த கணக்கு வழியாக போகும். போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரை! ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

பணம் பறிபோனால் உடனே 1930-க்கு போன் செய்யவேண்டும். சீக்கிரம் சொன்னால்தான், பணம் அடுத்த கணக்குக்கு தாவும் முன் முடக்க வழி உண்டு.