கேபிளிலிருந்து ஆயிலுக்கு

பம்பாய் டாக்சி மெக்கானிக்குகளுக்கு ஹைட்ராலிக் பிரேக் பழகிய சங்கதி. குர்லாவில் பிரீமியர் ஆலை தயாரித்த ஃபியட்டின் பெடலை மிதித்தால், குழாயில் ஓடும் ஆயில்தான் நான்கு சக்கரங்களையும் பிடித்து நிறுத்தியது. அதே காலத்து ஜாவாவுக்கும் புல்லட்டுக்கும் முன்சக்கரத்தில் இருந்ததெல்லாம் ஒரு கேபிளும், டிரம்முக்குள் ஷூக்களும்தான்.

ஊரில் தொழில் தெரியாமல் இல்லை. 1949இல் தொடங்கிய ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரையும் தயாரித்தது, பிரேக், கிளட்ச் பாகங்களையும் தயாரித்தது. பிற்பாடு அது எம்.ஏ. சிதம்பரத்தின் கைக்கு வந்தது. சேப்பாக்கம் மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இத்தாலியில் 1962இலேயே லாம்ப்ரெட்டா டிவி175 முன்சக்கர டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை இழுத்ததும் கேபிள்தான். ஆயிலில் இயங்கும் முன் டிஸ்க்கை உலகம் முழுக்கப் பேசவைத்தது 1969இன் ஹோண்டா சிபி750.

இங்கே லைசென்ஸ் காலம். வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வாடிக்கையாளர் காத்திருந்தார். அவரைக் கவரப் புதிய பிரேக் தேவைப்படவில்லை. 1983இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350 இதற்கு நல்ல சாட்சி. அதன் மூலமான யமஹா ஆர்டி350பியில் முன் டிஸ்க் இருந்தது. இந்திய வண்டியில் விலையைக் குறைக்க டிரம்மை மாட்டினார்கள். என்ஃபீல்டின் ஃப்யூரி 175 பிரெம்போ டிஸ்க்கோடு வந்தும் சந்தையில் நிலைக்கவில்லை. 1999இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட்தான் 240 மில்லிமீட்டர் டிஸ்க்கைச் சாதாரண மெக்கானிக்கின் கைக்குக் கொண்டுவந்தது.

அதோடு மழைக்காலப் பராமரிப்பும் மாறியது.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் பிரேக் சற்று நேரம் பிடிக்காது. லிவரை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் ஷூ காய்ந்துவிடும். டிஸ்க்கில் நனைந்த தகடு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. ஆனால் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் வேறு வழியில் உள்ளே போகிறது. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் சூடாகிக் கொதித்தால், உண்டாகும் ஆவி லிவரின் அழுத்தத்தை விழுங்கிவிடும். காலிப்பருக்குள் பிஸ்டன் துருவேறி இறுகுவதும் அந்த ஈரத்தால்தான்.

ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும். மும்பையில் அதை மே மாதத்திலேயே முடிப்பது நல்லது. காலிப்பர் நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, லிவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைத் திறக்க வேண்டும். மூடிய பிறகே லிவரை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இதையே திரும்பச் செய்வதுதான் ‘ஏர் எடுப்பது’. இடையில் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் வற்றினால் மறுபடி காற்று புகுந்துவிடும். எஞ்சின் ஆயிலோ பெட்ரோலோ பட்டால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும். பிரேக் ஆயில் டாங்கில் சிந்தினால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அன்றைய சிபிஇசட்டுகளுக்கும் இப்போது கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. பழையதை வாங்குகிறவர்கள் ஆயில் கருத்திருக்கிறதா, ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசலாம்.