வில்லன் பெயரில் ஒரு பிஸ்கட்

உங்கள் வம்சத்தையே ஒழித்துக்கட்டப் பார்த்த ஒருவன். அவன் பெயரை ஒரு தின்பண்டத்துக்கு வைப்பீர்களா? யூதர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஹாமன்தாஷன். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிற பூரிம் பண்டிகையின் முக்கோண பிஸ்கட். மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவைத் தேய்த்து, டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். நடுவே ஒரு ஸ்பூன் பூரணம். மூன்று பக்கமும் தூக்கி, மூலைகளை அழுத்திக் கிள்ளிவிட்டால் முக்கோணம் ரெடி. சோமாசி மாதிரி முழுக்க மூடிவிடக் கூடாது. பூரணம் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் வைத்தீர்களோ, அவனுக்குள் போனதும் வாயைப் பிளந்துவிடும்.

யார் இந்த ஹாமன்? தமிழ் பைபிளில் ஆமான் என்று இருக்கும். பாரசீக அரசவையின் பெரிய மனிதர். மொர்தெகாய் என்கிற யூதர் தனக்குக் கும்பிடு போடவில்லை என்று கோபம். அதற்காக ஓர் ஆளை அல்ல, மொத்த இனத்தையும் கொல்ல முடிவு செய்தார். நாள் குறிக்கச் சீட்டுப் போட்டுப் பார்த்தார். சீட்டுக்கு 'பூர்' என்று பெயர். பூரிம் வந்தது அப்படித்தான். ஆனால் ராணி எஸ்தரே ஒரு யூதப் பெண். அவர் ராஜாவிடம் உண்மையைப் போட்டு உடைத்தார். மொர்தெகாய்க்காக ஹாமன் நட்டு வைத்த தூக்குமரத்தில் ஹாமனே தொங்கினார். இது சரித்திரமா, கதையா என்று அறிஞர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள்.

பிஸ்கட்டின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் மொழியில் 'மோன்' என்றால் கசகசா. 'தாஷ' என்றால் பை. கசகசா பூரணம் வைத்த மோன்தாஷன்தான் யூதர் வாயில் ஹாமன்தாஷன் ஆகிவிட்டது என்பார்கள். இஸ்ரேலில் இதற்கு இன்னொரு பெயர், ஹாமனின் காதுகள். கடித்துத் தின்பதற்கு வசதியான பெயர்!

சரி, கசகசா இருந்த இடத்துக்குப் பிளம் ஜாம் எப்படி வந்தது? அதற்குத்தான் இவ்வளவு பீடிகை.

1731. பொஹீமியாவில் யுங்பன்ஸ்லாவ் என்று ஓர் ஊர். இன்றைக்கு செக் நாட்டில் ஸ்கோடா கார் தயாராகிற ம்லாடா பொலெஸ்லாவ்தான் அது. அங்கே டேவிட் பிராண்டைஸ் என்கிற யூதர் கடை வைத்திருந்தார். புத்தகம் பைண்டிங் செய்கிறவரின் மகள் வந்து 'பொவிடல்' வாங்கிப் போனாள். பிளம் பழத்தைச் சுண்டக் காய்ச்சிய ஜாம். சாப்பிட்ட குடும்பத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சில நாளில் அப்பா இறந்துவிட்டார்.

யூதன் ஜாமில் விஷம் வைத்துவிட்டான்!

இந்த ஒரு வரி போதும். ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று புரளி கிளம்பி, 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் யூதர்களை நூற்றுக்கணக்கில் உயிரோடு எரித்தார்கள். பிராண்டைஸுக்கு வயிறு கலங்கியிருக்காதா? நகரத் தலைவர் கடையை மூடச் சொன்னார். பிராண்டைஸ், மனைவி, மகன் மூவரும் ஜெயிலில்.

நல்லவேளை, இந்த முறை கூட்டம் தீர்ப்பு எழுதவில்லை. நகர அதிகாரிகளும் பிராகா அப்பீல் கோர்ட்டும் விசாரித்தார்கள். பைண்டிங்காரர் செத்தது காசநோயால். வழக்கு தள்ளுபடி.

வெளியே வந்த பிராண்டைஸ் நடந்ததையெல்லாம் எழுதி வைத்தார். பூரிமுக்கு நாலு நாள் முன்னால், அதார் மாதம் 10-ம் தேதி, வருஷா வருஷம் இதைப் படித்து விருந்து வைக்க வேண்டும் என்று வாரிசுகளுக்குச் சொன்னார். அந்த நாளுக்குப் பொவிடல் பூரிம் என்றே பெயர். பிளம் ஜாம் வைத்த ஹாமன்தாஷனுக்கும் இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

நான் பி.காம். கடை மூடிக் கிடந்த நாளின் நஷ்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியும். செய்யாத கொலைக்கு ஜெயிலில் கழித்த ராத்திரிகளை எந்தக் கணக்கில் எழுதுவது? பிராண்டைஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். தன்னைத் தூக்குமரம் வரை கொண்டுபோகப் பார்த்த அதே ஜாமைப் பேரன் பேத்திகளின் பண்டிகையாக்கினார்.

எங்கேயாவது ஹாமன்தாஷன் கிடைத்தால் பிளம் ஜாம் வைத்ததாகப் பார்த்து எடுங்கள். தைரியமாகச் சாப்பிடலாம். விஷம் இல்லை என்று 1731-லேயே கோர்ட் சொல்லிவிட்டது.