உமறு: ஒரு பெயரின் கடைசி எழுத்து

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் குடியேறிய கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, அதற்கு உமறுப் புலவர் பெயரைச் சூட்டினார்கள். சீறாப்புராணம் பாடிய அந்தப் புலவர் எட்டயபுரத்தவர். எட்டயபுரமும் கடையநல்லூரும் அன்று ஒரே திருநெல்வேலி மாவட்டம். தங்கள் சீமைக் கவிஞரைக் கடல் கடந்தும் அவர்கள் மறக்கவில்லை என்பதே பெருமைதான். ஆனால் அந்தப் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அரபியில் 'உமர்', தமிழில் ஏன் 'உமறு'?

வாழ்நாளைக் குறிக்கும் 'உம்ர்' என்ற அரபுச் சொல்லும் இந்தப் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. மலாய்க்காரர்கள் வயதை 'உமுர்' என்பதும் அந்தச் சொல்லால்தான். 'உமறு' என்பது படிக்காதவர் வாயில் சிதைந்த உரு என்று சிலர் சொல்லக்கூடும். சீறாப்புராணத்தைத் திறந்தால் அந்த வாதம் நிற்காது: இரண்டாம் கலீஃபா உமர் இஸ்லாத்தைத் தழுவிய கதையைச் சொல்லும் படலத்தில் அவரும் உமறுதான். இலக்கணம் கற்ற புலவரின் எழுத்து அது. தமிழ்ச் சொல் மெய்யில் முடியாது, அதனால் உகரம் ஒட்டியது என்பதும் பொருந்தாது. நீர், ஊர், தேர் எல்லாம் ரகர மெய்யில்தானே முடிகின்றன? காரணம் றகரம் என்பதே என் முடிவு. நாக்கு அதிர ஒலிக்கும் அரபு ரகரம் தமிழ்க் காதுக்கு வல்லினமாகக் கேட்டிருக்கிறது. சொல்லின் முதலில் றகரம் வரக்கூடாது என்ற விதியையும் தாண்டி, றசூல், றமழான் என்று முஸ்லிம்கள் எழுதிவந்ததே இதற்குச் சான்று. றகரம் வந்துவிட்டால் அது மெய்யாகக் கடைசியில் நிற்க முடியாது; உகரம் வந்தே தீரும்.

அப்படியானால் கிணறு 'கிணற்றுக்கு' ஆவதுபோல உமறு 'உமற்றுக்கு' ஆகவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆளின் பெயர் அடையாளம் இழக்கக்கூடாது என்பதால் மொழி அந்த இடத்தில் நின்றுகொண்டது. ஆனால் எப்போதும் நிற்பதில்லை: புலவரை ஆதரித்ததாகச் சொல்லப்படும் கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர், தமிழில் சீதக்காதியாகவே ஆகிவிட்டார். இரண்டையும் திரிபு என்று தள்ளுவது தவறு. வெளியூர்ப் பெயரை வீட்டுப் பெயராக்கிக்கொண்ட உரிமை இது.

தஞ்சோங் பகாரில் தொடங்கிய பள்ளி 1982இல் மூடப்பட்டது. பெயர் இன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. ஆங்கிலத்தில் அதை 'உமர்' என்றே எழுதுகிறார்கள்; தமிழில் மட்டும் அந்த 'று' இன்னும் இருக்கிறது.