காயைப் பார்க்காதே: ராயபுரத்துக் கேரம் பலகையும் ஒரு கணக்கு வாத்தியாரும்

பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பழகுகிறாராம். "சார், தூரத்துலேர்ந்து நல்லா அடிச்சிடுறேன். குழிகிட்ட வந்து மெதுவா தட்டி உள்ள விடுறதுதான் வரமாட்டேங்குது. நேராத்தான் அடிக்கிறேன்னு நினைக்கிறேன், பந்து ஓரமா போயிடுது. நீங்க கணக்கு வாத்தியார்தானே, சொல்லுங்க" என்றார்.

கோல்ஃப் மட்டையை நான் தொட்டதே இல்லை. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. "அடேய், நீ ராயபுரத்துப் பிள்ளை. தெருவில் கேரம் ஆடினவன். இதை என்னிடம் கேட்கிறாயே, உன் விரலைக் கேள்" என்றேன். போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அளவுகள். கோல்ஃப் குழியின் விட்டம் 10.8 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 4.3 செ.மீ. நம் கேரத்தில் குழி 4.45 செ.மீ., காய் சுமார் 3.1 செ.மீ. அதாவது குழியில் காய்க்கு மிஞ்சிக் கிடைக்கும் இடம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு காய் 60 செ.மீ. ஓட வேண்டும், அதன் திசை ஒரு பாகை பிசகுகிறது என்று வையுங்கள். குழியை அடையும்போது அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒரு பாகை என்பது கடிகாரத்தின் நிமிட முள் பத்து விநாடியில் நகரும் தூரம். அவ்வளவு நுட்பமான வேலையைத்தான் நம் தெருப் பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

இந்த ஆட்டம் நம் பக்கத்தில் ஏன் இப்படி வேர்விட்டது? காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பிறகு துறைமுகம் வளர்ந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆலை வந்த இடத்தில் ஷிப்ட் வந்தது. காசிமேட்டில் படகு கரை சேர்ந்துவிட்டால், அடுத்த முறை கடலுக்குப் போகும்வரை ஆட்களுக்கு ஓய்வு. ஆக, எந்த நேரமும் தெருவில் யாராவது வேலை முடிந்து உட்கார்ந்திருப்பார்கள். வீடோ பத்தடி அறை. மைதானத்துக்கு எங்கே போவது?

ஒரு கேரம் பலகைக்கு வேண்டியது மூன்றடி இடம், ஒரு பல்பு, ஒரு டப்பா போரிக் பவுடர். நாலு பேர் ஆடலாம், நாற்பது பேர் பார்க்கலாம். ரசிகர் மன்றம், கட்சிப் படிப்பகம், இளைஞர் நற்பணி மன்றம் என்று பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் உள்ளே ஒரு கேரம் பலகை இருந்தது. நம் ஊர்க் கடல் காற்றில் பலகை சீக்கிரம் பிசுபிசுக்கும். தலைக்கு மேலே தாழத் தொங்கும் குண்டு பல்பு வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, பலகையைச் சூடாக வைத்துக்கொள்ளவும்தான். பலகையின் நடுவுக்கு நேர் மேலே அது தொங்கினால் காயின் நிழலும் நீளாது, கண்ணையும் ஏமாற்றாது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்து வந்ததல்ல.

இனி என் கதைக்கு வருகிறேன். பெருமைப்படும் கதை இல்லை.

எண்பதுகளில் நான் கணக்கு ஆசிரியர். கேரம் என்றால் எனக்கு ஆகாது. பள்ளிக்கு மட்டம் போட்டு மன்றத்தில் உட்காரும் பிள்ளைகளைக் காதைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். இதைப் படிக்கும் சிலருக்கு அந்தக் காது இன்னும் நினைவிருக்கும். பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னும் குடும்பம். வடிவியலில் ஒவ்வொரு தேர்விலும் தோல்வி. ஒருநாள் வட்டங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் மேசைக்கு அடியில் எதையோ விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். போய்ப் பிடுங்கினேன். ஸ்ட்ரைக்கர்.

"இதை வச்சு என்னடா கிழிக்கப் போற?" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி கேட்டேன். "ஒரு காயை எப்படிடா குழியில போடுற, கணக்கே வராத நீ?" என்றேன். கேலியாகத்தான் கேட்டேன். அவன் பதிலை மட்டும் நேர்மையாகச் சொன்னான்.

"காயைப் பாக்க மாட்டேன் சார். குழியிலேர்ந்து காய் நடுவால ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கோட்டுல, காய்க்குப் பின்னாடி இன்னொரு ஸ்ட்ரைக்கர் ஒட்டி நிக்குதுன்னு நினைச்சுக்குவேன். என் ஸ்ட்ரைக்கரு அது மேல போய் நிக்கணும், அவ்ளோதான் சார்."

கரும்பலகையில் அப்போது நான் எழுதி வைத்திருந்த தேற்றம் என்ன தெரியுமா? இரு வட்டங்கள் வெளிப்புறமாகத் தொட்டுக்கொண்டால் அவற்றின் மையங்களும் தொடுபுள்ளியும் ஒரே நேர்கோட்டில் அமையும். அவன் சொன்னது அதேதான். காயின் ஆரமும் ஸ்ட்ரைக்கரின் ஆரமும் சேர்ந்தால் சுமார் 3.6 செ.மீ. அவ்வளவு தூரம் காயின் மையத்துக்குப் பின்னால் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைத்தான் அவன் குறிவைத்தான். நிரூபணம் எழுதத் தெரியவில்லை, ஆனால் தேற்றம் அவன் விரலில் இருந்தது. எனக்கு அது அந்த நிமிடமே புரிந்தது. ஆனாலும் "உட்காருடா" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரை என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். வகுப்பின் முன்னால் என் கௌரவம் எனக்குப் பெரிதாக இருந்தது. அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. படகுக்குப் போய்விட்டான் என்றார்கள். நான் போய்த் தேடவில்லை.

அதே காலத்தில் வெளியே நடந்ததைப் பாருங்கள். 1988-இல் சர்வதேச கேரம் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது, நம் சென்னையில்தான். 1991-இல் டெல்லியில் உலகப் போட்டி நடந்தது. சாம்பியன் ஆனவர் நம் சென்னையின் மரிய இருதயம். 1995-இல் மறுபடியும் அவரே உலக சாம்பியன். கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரரும் அவர்தான். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று என் இழுப்பறை ஞாபகம் வந்தது. திறக்கவில்லை.

2008-இல் பிரான்ஸின் கான் நகரில் உலக சாம்பியன் ஆனவர் வியாசர்பாடி இளவழகி. அவருடைய அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். 2018-இல் 'வடசென்னை' படம் வந்தபோது, ஒரு கேரம் ஆட்டக்காரனின் கதையை ஊரே பார்த்தது. ஆனால் கத்தியைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அடுத்த ஆண்டு மாலத்தீவில் மூன்று தங்கம் வென்றவர் நம் காசிமேட்டின் கீர்த்தனா. நான் எந்தத் தெருக்களில் பிள்ளைகளின் காதைத் திருகினேனோ, அந்தத் தெருக்களுக்குப் பக்கத்திலிருந்து போன பிள்ளைகள் இவர்கள்.

சரி, கோல்ஃப் கேட்ட மாணவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. நான் விசாரித்துப் பார்த்ததில் இரண்டு ஆட்டத்துக்கும் பாடம் ஒன்றுதான் என்று தெரிகிறது.

ஒன்று, அடிக்கும் முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். கேரத்தில் 47 செ.மீ. நீளக் கோட்டில் ஸ்ட்ரைக்கரை எங்கே வைக்கிறோம் என்பதே பாதி ஆட்டம். கோல்ஃபில் பந்தை நகர்த்த முடியாது, நாம்தான் நகர்ந்து சரியாக நிற்க வேண்டும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசைதான்.

இரண்டு, தூரத்துக் குழியைக் குறிவைக்காதே. அதே கோட்டில் பந்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் ஒரு புல்லைக் குறித்துக்கொள். அதன் மேல் பந்து போனால் போதும். இதுதான் கண்ணுக்குத் தெரியாத அந்த ஸ்ட்ரைக்கர்.

மூன்று, வேகம். ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராம் வரை இருக்கலாம், காய் 5 கிராம்தான். முறுக்கி அடித்தால் காயோடு ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் போகும், நமக்கு மைனஸ். கோல்ஃபிலும் வேகமாக வரும் பந்துக்குக் குழி சிறுத்துவிடும், விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே போகும்.

நான்கு, அடித்த பிறகு தலையைத் தூக்கிப் பார்க்காதே. கேரம் விதிப்படி இருக்கையிலிருந்து எழக்கூடாது. அந்த விதியே நமக்கு நல்ல ஆசான். உடம்பு அசையாமல் இருந்தால்தான் விரல் நேராகப் போகும். காய் விழும் சத்தம் காதில் கேட்டால் போதும்.

ஓய்வு பெற்ற நாளில் மேசையைக் காலி செய்தபோது அந்த ஸ்ட்ரைக்கரை எடுத்து வந்தேன். இப்போது என் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மஞ்சளேறிய வெள்ளை, ஓரத்தில் ஒரு சின்னக் கீறல். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவன் படித்தால் அவனுக்குத் தெரியும். அவனோடு படித்தவர்கள் இந்தப் பதிவில் பலர் இருக்கிறீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பொருளை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும். வாத்தியார் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லை என்று என் வீட்டம்மா சொல்கிறார். வழக்கமில்லாவிட்டால் என்ன?

இன்னொரு வேண்டுகோள். இப்போதும் ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, மேசைக்கு அடியில் எதையாவது உருட்டும் பிள்ளையைப் பிடித்தால், பிடுங்குவதற்கு முன் என்ன செய்கிறான் என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் சொன்னால் காது கொடுங்கள்.

உங்கள் தெருவில் கேரம் பலகை இருந்த மன்றம் எது, அங்கே யார் நன்றாக ஆடுவார்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்