புறங்கூற்றும் ‘ஆம்’ என்னும் ஈறும்

பணியிடத்தில் புறங்கூறுவோரையும் கோள் சொல்வோரையும் எவ்வாறு எதிர்கொள்வது என்னும் வினா, புக்கிட் பாத்தோக்கின் அலுவலகங்களிலும் பள்ளி ஆசிரியர் அறைகளிலும் இன்று எழுகிறது. பண்டைய அரசவைகளிலும் அது எழுந்தது. அதற்குத் தமிழ் கண்ட விடைகளைச் சுருங்க நோக்குவோம்.

திருக்குறள் இச்சிக்கலை இரு நிலைகளில் அணுகுகிறது. அறத்துப்பாலின் 19ஆம் அதிகாரமாகிய புறங்கூறாமை, சொல்பவனைத் திருத்த முயல்கிறது. பொருட்பாலின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல், கேட்பவனுக்கு வழி கூறுகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம். அரசனே அமர்த்திய ஒற்றனின் சொல்லுக்கே இத்துணைச் சோதனை வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து.

இச்சோதனை தவறியதன் விளைவைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அரசியின் சிலம்பைத் திருடிய அரண்மனைப் பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்றான். பாண்டியன் ஆராயவில்லை. கோள் சொன்னவன் பொற்கொல்லன். ஆயினும் அரசவையில் கண்ணகி வழக்குரைத்தது கேட்ட மன்னனிடத்தில்.

பணியிடக் கோளுக்கு விரிவான சான்று 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் கிடைக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக, அதாவது இருமொழி அறிந்த இடையாளராகப் பணியாற்றியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கனகராய முதலியார் 1746இல் மறைந்தபின் தலைமைத் துபாஷ் பதவிக்குப் போட்டி மூண்டது. ஆளுநரின் மனைவிக்குப் பிள்ளைமீது நல்லெண்ணம் இல்லை. பகைவர்கள் ஆளுநரின் செவியை நாடினர். 1736 முதல் 1761இல் மறையும் வரை பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் இவையெல்லாம் உரையாடல்களாகவே பதிவாகியுள்ளன. அவரும் விருப்பு வெறுப்பற்றவர் அல்லர். எனினும், காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் எழுதப் போவதாகத் தொடக்கத்திலேயே இரண்டையும் வேறுபடுத்திக் கூறுகிறார்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கணமும் பேணுகிறது. ‘அவர் தாமதமாக வந்தார்’ என்பதற்குச் சொல்பவரே பொறுப்பு. ‘வந்தாராம்’ என்றால், அது பிறர் சொல்லக் கேட்டது. ‘ஆகும்’ என்பதன் குறுக்கமாகிய ‘ஆம்’, செய்தியின் மூலம் வேறிடத்தில் உள்ளது என அறிவிக்கிறது. அச்செய்தி நான்கு பேரைக் கடந்து மேலாளரை அடையும்போது ‘ஆம்’ உதிர்ந்து, ‘வந்தார்’ என உறுதிப்பட்டுவிடும். ஓர் ஊழியரின் ஆண்டு மதிப்பீடும் பதவி உயர்வும் அவ்வோர் அசையால் பாழாகக்கூடும். ‘ஆம்’ என்பதையே கேடயமாக்கி, பொறுப்பேற்காமல் எதையும் சொல்வாரும் உளர்.

ஆதலின் உதிர்ந்த ‘ஆம்’ என்னும் ஈற்றை மீட்பது கேட்பவரின் கடமை. ‘நீங்கள் கண்டீர்களா, கேட்டீர்களா? யார் சொன்னார்?’ என வினவுதல் வேண்டும். தொடர்புடையவரிடமே விளக்கம் கேட்டல் வேண்டும். தாம் கண்ட முறைகேட்டைத் தம் பெயரால் முறைப்படி தெரிவிப்பவர் சாட்சியே. அவரைக் கோள் சொல்பவர் எனத் தூற்றுதல் பெரும்பிழை. வகுப்பறையில் ஒரு முறையீடு எழும்போது, அதனைக் ‘கண்டது’, ‘கேட்டது’ என இருபகுதியாக எழுதுமாறு ஆசிரியர்கள் மாணவர்க்குப் பயிற்சி அளிக்கலாம். நாளை அலுவலகம் புகும்போதும் அப்பயிற்சி அவர்களுக்கு உதவும்.