எல்லைக்கோட்டை வரைவது யார்? பிரித்தானியத் துணைப்பண்பாடுகளும் மையச் சமூகமும்

துணைப்பண்பாட்டு ஆய்வுகளில் ஒரு கதைப்போக்கு நிலைத்துவிட்டது. விளிம்பில் ஓர் இளைஞர் குழு எதிர்ப்புணர்வோடு தோன்றும். மையச் சமூகம் அஞ்சும். பிறகு சந்தை அக்குழுவின் உடையையும் இசையையும் விலைபேசி விழுங்கிவிடும். 1964இல் தொடங்கப்பட்ட பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் இந்த வாசிப்புக்குக் கோட்பாட்டு வலிமை தந்தது. அம்மரபில் வந்த டிக் ஹெப்டிஜின் 1979ஆம் ஆண்டு நூல், உடைப்பாணியையே எதிர்ப்பாகப் படித்தது. இக்கதையில் மையச் சமூகம் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறது. பிரித்தானியச் சான்றுகளோ, குழுவின் எல்லை வரையப்படும்போதே நாளேடும் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் உடனிருப்பதைக் காட்டுகின்றன.

1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரை நகரில் கடுங்குளிர். பொழுதுபோக்க வழியின்றித் திரிந்த இளைஞர்களிடையே கைகலப்பு மூண்டது, சன்னல்கள் உடைந்தன. பார்க்கா அணிந்து ஸ்கூட்டரில் வரும் மாட்ஸும், தோல் சட்டையும் மோட்டார் சைக்கிளுமாகத் திரியும் ராக்கர்ஸும் இரு படைகளாக மோதியதாக ஏடுகள் எழுதின. இதை ஆராய்ந்து 1972இல் நூலாக்கிய சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன், அப்பிளவு அதுவரை அவ்வளவு கூர்மைப்பட்டிருக்கவில்லை என்று காட்டினார். அதைக் கூர்மையாக்கியதில் செய்திகளுக்குப் பெரும்பங்குண்டு. அதன்பின் மார்கேட், பிரைட்டன் ஆகிய கடற்கரை நகரங்களுக்கு வந்தவர்கள் தத்தம் அணியை அறிந்தே வந்தார்கள்.

மார்கேட்டில் 75 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்ட ஓர் இளைஞன், காசோலையாகத் தருகிறேன் என்றான். வசதி மிகுந்த தலைமுறையின் திமிருக்குச் சான்றாக அது ஏடுகளில் வலம்வந்தது. உண்மையில் அவனுக்கு வங்கிக் கணக்கே கிடையாது. அவன் காசோலையில் கையெழுத்திட்டதும் இல்லை. ஒருவனின் நக்கல் ஒரு கூட்டத்தின் குணமாகப் பதிவாயிற்று. அதே ஆண்டில், சொத்துச் சேதம் பற்றி ஒன்றும் ஆம்பெட்டமைன் மாத்திரைகள் பற்றி ஒன்றுமாக இரு சட்டங்கள் நிறைவேறின.

இதற்கு மறுப்பு உண்டு. ஏடுகள் கண்டுகொள்வதற்கு முன்பே, 1950களின் இறுதியில், லண்டனில் இத்தாலியத் தையல் கோட்டும் நவீன ஜாஸுமாக மாட் இளைஞர்கள் இருந்தார்களே? இருந்தார்கள்தான். ரசனை அவர்களுடையது; அதை யாரும் அவர்களுக்கு வழங்கவில்லை. ஆனால் ரசனை வேறு, எல்லை வேறு. யார் உள்ளே, யார் வெளியே, யார் பகைவர் என்ற வரையறை வெளியாரின் கையும் பட்டே உருவானது.

பிந்தைய ரேவ் எனும் மின்னணு நடன இசைக் கூட்டங்களில் வெளியாரின் இந்தப் பங்கு இன்னும் வெளிப்படை. நாளேடுகளின் கண்டனம் இளைஞர்களுக்குப் பெருமையாகவே அமைந்தது என்பதை ஆய்வாளர் சாரா தார்ன்டன் 1995இல் விளக்கினார். 1992இல் காசில்மார்ட்டன் திடலில் ரேவுக்காகப் பல்லாயிரவர் கூடியதையடுத்து, 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், அனுமதியின்றித் திறந்தவெளியில் இரவில் கூடும் நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கொண்ட இசைக் கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளம் என்பது அச்சட்டத்தின் வாசகத்திலேயே இடம்பெற்றது. ஒரு துணைப்பண்பாட்டின் இசை இலக்கணத்தை நாடாளுமன்றமே எழுதிக்கொடுத்தது!

ஆகவே, சந்தை விழுங்குவதைக் குறிக்கும் 'உள்வாங்கல்' என்ற கருத்தாக்கம் பாதி உண்மையையே சொல்கிறது. விழுங்குவதற்கு முன்பே வடிவமைப்பதில் மையச் சமூகத்துக்குப் பங்குண்டு. அந்தப் பங்கு சமமானதன்று: ஏடு விற்றுத் தீர்கிறது, இளைஞன் மீது தண்டனைப் பதிவு நிற்கிறது. உடையையும் இசைத்தட்டையும் ஆராய்வோர் நீதிமன்றப் பதிவேட்டையும் சட்ட வாசகத்தையும் அவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் இந்த ஏற்றத்தாழ்வு கணக்கில் வரும்.